கணக்கப்பிள்ளை அடித்தபோது சிரித்தவர்கள்

எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு நாடகம். எந்த வருஷமும் அதே நாடகம். கிழவனுக்கு விளக்குமாற்றடி விழும் இடத்தைப் பார்க்கத்தான் சனம் வரும். மற்றதெல்லாம் அது வரும்வரை உட்கார்ந்திருப்பதற்கு.

சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகிற பக்கம் எங்கள் பட்டாசுக் கம்பெனி. தீபாவளி சீசன் முடிந்து கடைசி லோடும் போய்விட்டால் கொஞ்ச நாள் கை ஓய்ந்திருக்கும். கார்த்திகையில் முதலாளி பந்தலும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் கொடுப்பார். கம்பெனிக்குள் தீக்குச்சி ஆகாது என்பதால் ஊர்ப் பொட்டலில் மேடை. நயாபைசா வந்து சில வருஷம் ஆகியிருந்த காலம். குமரிப் பிள்ளைகளைச் சினிமாக் கொட்டகைக்கு விடமாட்டார்கள். நாடகத்துக்கு விடுவார்கள். கீழே உட்கார்ந்து பார்க்க.

நாடகத்தை எழுதியவர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். கதை பெரிதில்லை. பெண்டாட்டி செத்த மண்டி முதலாளி ஒருவர். கிழவர். பேத்தி வயதுக் குமரியைக் கட்ட ஆசைப்படுகிறார். மண்டி இருக்கிறதே என்று அவளுடைய அப்பனுக்கும் சம்மதம். அவள் நேசிக்கிறவன் பட்டாளத்தில் இருக்கிறான். அவன் மேடைக்கு வரவே மாட்டான். அவன் லீவு போட்டு வரும்வரை அவள் கிழவரை ஏய்க்க வேண்டும். நரையை மறைத்தால் கட்டிக்கொள்கிறேன் என்பாள். கரி பூசி வருவார். வேர்வையில் வழியும். இளந்தாரி மாதிரி ஓடிக் காட்டச் சொல்வாள். ஓடுவார். கடைசியில் விளக்கு வைக்கிற நேரத்தில் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்து அவளைப் பார்க்க வருவார். அவர்தான் என்று தெரிந்தே "திருடன், திருடன்" என்று கத்தி விளக்குமாற்றால் வெளுத்துவிடுவாள். புத்தி வந்த கிழவர் தானே மாலை எடுத்துக்கொடுத்துப் பட்டாளத்துக்காரனுக்குக் கட்டிவைப்பார். அவ்வளவுதான்.

கிழவனாக நடிப்பவர் என் அத்தை மகன். எனக்குப் பரிசம் போட்டிருந்தவர். கம்பெனியில் லாரிக்குப் பெட்டி ஏற்றுகிற வேலை. நல்ல உடம்பு. மேடையில் அந்த உடம்பு சுருங்கி, முதுகு வளைந்து, கழுத்து ஆமை மாதிரி வெளியே வரும். பார்த்தாலே சிரிப்பு வரும். பூசுகிற கரி கம்பெனிக் கரி. வெடியுப்பு சேராத வெறும் கரிதானா என்று வாத்தியார் முகர்ந்து பார்த்துத்தான் பூசவிடுவார். மச்சான் பீடி குடிப்பவர்.

குமரியாக நடிப்பவர் எங்கள் கம்பெனிக் கணக்கப்பிள்ளை. மழுமழு முகம். சேலை கட்டினால் கொசுவம் நன்றாக விழும். இடுப்பை ஒடித்து நடப்பார். அப்படி நடக்கிற பெண்பிள்ளையை நான் எந்தத் தெருவிலும் பார்த்ததில்லை. ஆனாலும் சனம் கைதட்டும்.

நான் வெடிச்சரம் பின்னுகிறவள். வரிசையாகப் பெண்பிள்ளைகள் உட்கார்ந்து பின்னுவோம். பாட்டுப் பாடுவோம். பாட்டுத் தீர்ந்தால் நாடக வசனம் சொல்வோம். குமரி வசனம் எனக்கு. அது எப்போது எனக்கென்று ஆனது என்று தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். காதில் விழுந்தது மனதில் நிற்கும்.

அந்த வருஷம் கணக்கப்பிள்ளை மாலை போட்டுவிட்டார். அவர் பெண்டாட்டிக்குப் பிரசவம் சிக்கலாகி, மலைக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். பிள்ளை நல்லபடி பிறந்தது. கார்த்திகை பிறந்ததும் மாலை. மாலை போட்டால் சவரம் கூடாது. நாடகத்துக்குப் பத்து நாள் இருக்கையில் குமரிக்குத் தாடி வந்துவிட்டது.

வாத்தியார் கம்பெனி முற்றத்தில் வந்து நின்றார். மீசையை எடுக்க ஆள் தேடினார்.

"மீசை போச்சுன்னா எம் பெண்டாட்டி வீட்டுக்குள்ள விடமாட்டா சார்" என்றான் ஒருத்தன்.

"இருக்கும்போது மட்டும் விடுதாளாக்கும்?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"ஏலே, நீ எடேன். உனக்கு முளைச்சதே அஞ்சு முடி."

"அஞ்சானாலும் எனக்கு அதுதாம்லே மீசை."

ஒருத்தனும் அசையவில்லை. வாத்தியார் முகத்தைத் துடைத்தார். நான் பின்னிக்கொண்டே சொன்னேன்.

"நான் வேசம் கட்டுறேன் சார்."

முற்றமே திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு ஒருத்தன் கேட்டான்: "பொம்பளை பொம்பளை வேசம் கட்டுனா அதுல என்னலே வேசம் இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வாத்தியார் பக்கத்தில் வந்து, "வசனம் தெரியுமாம்மா?" என்றார். சொன்னேன். முதல் காட்சி முழுக்கச் சொன்னேன். கை நிற்கவில்லை. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"உங்க அப்பாவைக் கேக்கணும்" என்றார்.

அப்பா, "மாப்பிள்ளைக்குச் சம்மதம்னா எனக்கு என்ன சார்" என்றார். மச்சான், "மாமாவுக்குச் சம்மதம்னா எனக்கு என்ன சார்" என்றார். இருவருக்கும் சம்மதம் என்று வாத்தியார் எழுதிக்கொண்டார். அத்தையிடம் சொல்ல வேண்டியது யார்? மகன் சொல்வான் என்று அப்பா இருந்தார். மாமா சொல்வார் என்று மச்சான் இருந்தார். இரண்டு பேரும் சொல்லியிருப்பார்கள் என்று வாத்தியார் இருந்தார். மூன்று பேருக்கும் அத்தையிடம் பயம். ஒருத்தரை ஒருத்தர் கேட்டால் தானே போய்ச் சொல்ல வேண்டிவருமே என்று கேட்கவும் இல்லை.

அம்மா பெட்டியைத் திறந்து தன் கண்டாங்கிச் சேலையை எடுத்துக்கொடுத்தாள்.

அத்தை விஸ்வநத்தத்தில் இருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். சின்ன வயதிலேயே தாலி அறுத்தவள். வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டி மகனை வளர்த்தவள். வீட்டில் மச்சான் அவளுக்கு முன்னால் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. சோறு வேண்டுமா என்றால் தலையாட்டுவார். நாடகத்துக்கு அவள்தான் முதல் ஆளாக வருவாள். முன்னால் பாய் விரித்து உட்காருவாள். கணக்கப்பிள்ளை விளக்குமாற்றை எடுத்ததும் சிரிக்கத் தொடங்கினால் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பாள். பக்கத்தில் இருப்பவள் தொடை சிவந்துபோகும், அப்படி அடித்து அடித்துச் சிரிப்பாள். என் மகன் அடிவாங்குகிற அழகைப் பார் என்று தெரியாதவர்களுக்கும் சொல்வாள்.

ஒத்திகை பள்ளிக்கூடத்தில் நடந்தது. சாயங்காலம். அம்மா துணைக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருப்பாள்.

பரிசம் போட்ட பிறகு ஆணும் பெண்ணும் பேசக்கூடாது. எதிரே வந்தால் ஒதுங்க வேண்டும். நானும் ஒதுங்கியிருக்கிறேன், கம்பெனி வாசலில், பெட்டி அடுக்கின் பின்னால். ஒத்திகையில் மட்டும் ஒதுங்க வேண்டியதில்லை. அவர் கிழவர், நான் குமரி. திட்டினேன். கேலி பண்ணினேன். ஓடச் சொன்னேன், ஓடினார். வசனம் தீர்ந்ததும் வாயை மூடிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போவோம். எனக்கு அந்தப் பத்து நாள் போதாமல் இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

விளக்குமாற்றுக் காட்சியில் நான் தட்டத்தான் செய்தேன். வாத்தியார் வெளியே போயிருந்தபோது மச்சான் நிமிர்ந்தார். கிழவன் குரலில் பேசவில்லை. சொந்தக் குரல்.

"என்ன புள்ள, தூசியா தட்டுற? ஓங்கி அடி."

"வலிக்கும் மச்சான்."

"வலிக்கட்டும். கணக்கப்பிள்ளை அடிச்சா ஒரு வாரம் தழும்பு கெடக்கும். வலிச்சாத்தான் நான் துள்ளுவேன். நான் துள்ளுனாத்தான் சனம் சிரிக்கும்."

"எல்லாரும் பாப்பாகளே."

"பாக்கத்தான வாராக? நீ ஓங்கி அடி. எதுனாலும் நான் பாத்துக்கிடுதேன்."

அவர் என்னிடம் வசனம் இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. மூலையில் அம்மா தூங்கிப்போயிருந்தாள்.

நாடகத்தன்று பொட்டல் நிறைந்துவிட்டது. விஸ்வநத்தத்துச் சனம், நாரணாபுரத்துச் சனம், எங்கள் சனம். பொம்பளை மேடை ஏறுகிறாள் என்று பரவியிருந்தது. எவள் என்று வெளியூர் சனத்துக்குத் தெரியாது. அத்தை பாய் விரித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம், "எந்தக் குடும்பத்துல பொறந்த கழுதையோ" என்று சொன்னாளாம். பிறகு எனக்குச் சொன்னார்கள்.

நான் உள்ளே வந்ததும் விசில். ஒரு பக்கமிருந்து மட்டும் இல்லை. எனக்கு முதல் வசனம் வரவில்லை. மச்சான் கிழவனாகத் தள்ளாடி முன்னால் வந்து, சனத்தைப் பார்த்துக் கம்பை ஆட்டினார்.

"எவம்லே அது விசிலடிக்கிறவன்? நான் கட்டப்போற பொண்ணுடா இது. பல்லு இருக்கிற திமிரா? எனக்கும் இருந்துச்சுலே ஒரு காலத்துல."

அது நாடகத்தில் இல்லாத வசனம். சனம் சிரித்தது. விசில் நின்றது. எனக்கு வசனம் வந்தது. அப்புறம் நிற்கவில்லை.

அத்தை முகத்தை நான் பார்த்தேன். கல் மாதிரி இருந்தாள். எழுந்து போகவில்லை. எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள்.

சுவர் ஏறும் காட்சி வந்தது. குதித்தார். "திருடன்" என்று கத்தினேன். ஓங்கி அடித்தேன். துள்ளினார். இன்னும் ஓங்கி அடித்தேன்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

பொட்டலில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. பெட்ரோமாக்ஸ் உஸ்ஸென்று எரிகிற சத்தம் மட்டும். அப்போதுதான் எனக்கும் புரிந்தது. எங்கள் பக்கம் ஆம்பளையை விளக்குமாற்றால் அடிப்பது அடி இல்லை. சாதி சனத்துக்கு நடுவில் மூக்கை அறுப்பது. தெருச்சண்டையில் ஒருத்தி விளக்குமாற்றை எடுத்தாலே ஊர்க்கூட்டம் போடுவார்கள். இத்தனை வருஷம் சேலை கட்டிய ஆம்பளை அடித்ததால் அது வேடிக்கையாக இருந்தது. யாரும் யோசிக்கவில்லை. எழுதிய வாத்தியாரும் யோசிக்கவில்லை. கட்டப்போகிறவளே நிஜ விளக்குமாற்றால் நிஜமாக அடிக்கிறாள்.

மச்சான் மண்டிபோட்டுக் கிடந்தார். தலையைத் தூக்கினார். கரி வழிந்து மூக்கில் நின்றது.

"நிறுத்திட்டியே தாயி" என்றார் கிழவன் குரலில். "கல்யாண ஆசை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டு போடு."

பொட்டல் வெடித்துவிட்டது. அப்படி ஒரு சிரிப்பை எந்த வருஷமும் நான் கேட்டதில்லை. நான் இரண்டு போட்டேன்.

அத்தை பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

ஊர்க்கூட்டம் மடத்தில் கூடியது. எங்கள் ஊர் மடத்தில் பொம்பளை பேசுவதில்லை. வெளியே நிற்பாள், அவளுக்காக அப்பனோ அண்ணனோ பேசுவான். தம்பி எதிர்ப்பக்கம், மகன் அடிவாங்கியவர், அத்தைக்காகப் பேச வேறு ஆள் இல்லை என்பதால் அவளைப் பேசவிட்டார்கள். அப்பா எனக்காகப் பேசினார். பேசினார் என்று சொல்ல முடியாது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"எம் மகனை வெளக்கமாத்தால அடிச்சா" என்றாள் அத்தை. "கட்டுறதுக்கு முன்னாடியே அடிக்கிறா. கட்டுன பெறகு?"

வாத்தியார், "அது நாடகம்மா. எழுதுனது நான். என்னைக் கேளுங்க" என்றார்.

"எழுதுனது நீரு. அடிச்சது அவ. ஓய், உம்ம கை நோகலையில்ல?"

ஊர்ப் பெரியவர் வெற்றிலை மென்றார். வயதான மனிதர். பஞ்சு வியாபாரம் பார்த்தவர். அவரும் பொட்டலில் சிரித்தவர்தான், நான் பார்த்தேன். சிரித்தது தெரியக்கூடாது என்பதற்காகவே கனத்த குரலில் பேசினார்.

"பிள்ளை அத்தை கால்ல விழுந்து குத்தத்தை ஒத்துக்கிடட்டும். இனிமே மேடை ஏறமாட்டேன்னு சொல்லட்டும். கல்யாணம் நடக்கட்டும். தை பிறக்கிற வரைக்கும் பாப்போம். இல்லைன்னா பரிசம் திரும்பிப் போகும்."

அப்பா தலையாட்டினார். நான் வாசல்படியில் ஏறினேன்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்."

"ஏ, பொம்பளைப் பிள்ளை உள்ள வராத" என்றான் ஒருத்தன்.

"உள்ள வரலை. படியிலதான் நிக்கேன். போன வருசம் கணக்கப்பிள்ளை அடிச்சாரே. அதுக்கு முந்தின வருசமும் அடிச்சாரே. அப்ப ஏன் கூட்டம் போடலை? இதே முதுகு. இதே வெளக்கமாறு. அன்னைக்கு எங்கத்தைதான் எல்லாருக்கும் மேல சிரிச்சாக. பக்கத்துல இருந்தவுகளைக் கேளுங்க. என் கைக்கு மட்டும் குத்தம்னா, கணக்கப்பிள்ளையும் வந்து விழட்டும். நானும் விழுதேன்."

ஓரத்தில் கணக்கப்பிள்ளை தாடியோடும் மாலையோடும் நின்றிருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சாமி சரணம் என்று முணுமுணுத்தார். இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். பெரியவர் வெற்றிலையைத் துப்ப எழுந்து போய்விட்டு வந்தார்.

"ஓங்கி அடிச்சியே, அதைச் சொல்லு" என்றார். "தட்டியிருக்கலாமே. யாரு உன்னை ஓங்கி அடிக்கச் சொன்னது?"

நான் மச்சானைப் பார்த்தேன். தூண் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லியிருக்கலாம். அவர்தான் சொன்னார் என்று ஒரு வார்த்தை. சொன்னால் பழி அவர்மேல் போகும், நான் தப்பிப்பேன். அப்படித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. அவர் வாயிலிருந்து வரட்டும் என்று நின்றேன். எதுனாலும் பார்த்துக்கொள்கிறேன் என்ற வாய். விசிலடித்த பொட்டலையே அடக்கிய வாய்.

அவர் தரையைப் பார்த்தார். அத்தை அவரைப் பார்த்தாள். அவர் இன்னும் கொஞ்சம் தரையைப் பார்த்தார்.

"யாரும் சொல்லலைன்னா குத்தம் அவளதுதான்" என்றார் பெரியவர். கூட்டம் கலைந்தது.

இனி மேடை ஏறக்கூடாது என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த கார்த்திகையிலும் ஏறினேன். அதற்கடுத்ததிலும். இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் சொன்னபடி நடந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வீட்டில் அப்பா ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"விழுந்துட்டா என்ன தாயி? அத்தைதானே. வேத்தாளா?"

"பெரியவுகன்னு விழச் சொல்லுங்க, விழுதேன். குத்தவாளின்னு விழமாட்டேன்."

"ரெண்டும் ஒரே காலுதான்."

"கால் ஒண்ணுதான்ப்பா. விழுகிறவதான் வேற."

அப்பா சோற்றை வைத்துவிட்டு எழுந்தார்.

கம்பெனியில் என்னைப் பார்த்தாலே விளக்குமாறு என்று யாராவது பாடுவார்கள். பாடட்டும் என்று பின்னினேன். ஒருநாள் பெட்டி எடுக்க மச்சான் எங்கள் கொட்டகைப் பக்கம் வந்தார். மற்ற பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனார்கள். தூரமாகப் போகவில்லை.

"புள்ள" என்றார்.

"மேடையில அம்புட்டுப் பேசுனீக. மடத்துல வாய் ஒட்டிக்கிருச்சோ?"

"ஆத்தா முன்னால எனக்கு வராது புள்ள. சின்னதுல இருந்தே வராது. கிழவன் வேசத்துல இருந்தா வந்திருக்கும்."

"வேசத்தையா நான் கட்டிக்கிடப்போறேன்?"

அவர் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். இறக்கினார். மறுபடி தூக்கினார்.

"நான் வேணும்னா ஆத்தாகிட்ட வீட்டுல வச்சு மெதுவா..."

"வீட்டுல வேண்டாம். மடத்துக்கு முன்னால சொல்லணும். எங்க வாயை மூடுனீகளோ அங்கதான் திறக்கணும். சொன்னா நான் இருக்கேன். இல்லைன்னா உங்க ஆத்தா சொல்ற பொண்ணைக் கட்டிக்கோங்க. எனக்குக் கோவம் இல்லை."

கோபம் இருந்தது. நிறைய இருந்தது. அதை அவரிடம் ஏன் காட்ட வேண்டும்?

மார்கழி முடிகிற சமயம், அவர்கள் வந்து பரிசத்தைக் கேட்கட்டும் என்று காத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை. பரிசச் சேலையை மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டு விஸ்வநத்தம் போனேன். தனியாகத்தான். அப்பா வரவில்லை. வந்தால் விழச் சொல்வார்.

அத்தை வாசலில் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். காகிதத்தில் பசை தடவி, கம்பியில் சுற்றி, உருவிப் போடுவாள். கை தன் பாட்டுக்கு ஓடும். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"விழ வந்தியா?"

"சேலையைக் கொடுக்க வந்தேன் அத்தை."

கை நின்றது.

"எம்புட்டுத் திமிருடி உனக்கு. கேக்கதுக்கு முன்னாடியே கொண்டாந்துட்டா. எம் மகனுக்கு என்ன கொறைச்சல்?"

"அவுகளுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்லை. என்னைத்தான் வேண்டாம்னு சொன்னீக."

"நான் எப்படி வேண்டாம்னேன்? விழுன்னுதானே சொன்னேன்."

"அது முடியாது."

அத்தை பசைக் கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு, எனக்கென்று இல்லாமல், தெருவிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அவன் ரெண்டு போடு தாயின்னான் பாரு. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அடக்கி அடக்கி வயித்துல வலி எடுத்துருச்சு. பெத்தவளே சிரிச்சா அவனுக்கு யாரு இருக்கா? அதான் பாயைச் சுருட்டினேன்."

"அப்ப குத்தம் யாருது அத்தை?"

"கேள்வி கேக்காத. எனக்கு உம்மேல கோவம் தீரலை."

"எனக்கும் தீரலை."

"ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போ."

குடித்தேன். சேலையைக் குழாய்க் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் தொடவும் இல்லை, எடுத்துப் போ என்று சொல்லவும் இல்லை. நான் திரும்பி நடந்தேன். அவள் அடுத்த ஆடிவரை என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள். கடைசிவரை என்னோடுதான் இருந்தாள். நாடகத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

தை பிறந்தது. பரிசம் திரும்பிப்போன பெண் என்றார்கள். கண்மாய்க்கரையில் என் காதில் படச் சொன்னார்கள். கம்பெனியில் அடுத்த சீசனுக்கு ஆர்டர் வரத் தொடங்கியது. பின்னினேன். பஞ்சாலையில் வேலைபார்க்கிற ஒருத்தருக்கு இரண்டாந்தாரமாகக் கேட்டு வந்தார்கள். அப்பா என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்றேன். அப்பா வற்புறுத்தவில்லை. அதற்குள் அவருக்கும் அலுத்திருந்தது.

மச்சான் கண்ணில் படவே இல்லை. வெளியூர் லோடோடு போகிறார் என்றார்கள். நான் விசாரிக்கவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறிவிட்டது. நான் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடினார்கள். சிரிப்புச் சத்தம். எதிர்வீட்டுக்காரி வெளியே வந்து, "ஏ புள்ள, இங்கன வந்து பாரு" என்று கூப்பிட்டாள். குரலிலேயே சிரிப்பு இருந்தது.

பரிசத்தட்டைப் பெண்கள்தான் சுமந்து வருவார்கள். மாப்பிள்ளையின் அக்காள், சித்தி, பெரியம்மா என்று வரிசையாகத் தலையில் தட்டு வைத்து வருவார்கள். ஆம்பளை பின்னால் வருவான், வெறும் கையோடு. மச்சான் தனியாக வந்தார். தலையில் சும்மாடு கட்டி அதன்மேல் பெரிய பித்தளைத் தாம்பாளம். தேங்காய், பழம், வெற்றிலை, அதற்கு மேல் அந்தச் சேலை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு வந்தார். விஸ்வநத்தத்திலிருந்து அப்படியே நடந்து வந்திருக்கிறார்.

"ஏலே, கணக்கப்பிள்ளை சேலையை வாங்கிக் கட்டிக்கிட்டு வந்திருக்கலாமில்ல?" என்று ஒருத்தன் கத்தினான்.

"பாத்துலே, மாமியா வீட்டுல வெளக்கமாறு இருக்கு" என்றான் இன்னொருத்தன்.

அவர் பதில் சொல்லவில்லை. கிழவன் மாதிரி நடக்கவுமில்லை. நடந்திருந்தால் அந்தச் சிரிப்பு அவர் பக்கம் வந்திருக்கும். எப்படி வரவைப்பது என்று அவருக்குத் தெரியும். செய்யவில்லை. மடத்துக்கு முன்னால் வந்து நின்றார். உள்ளே பெரியவரும் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டு வாசலிலிருந்து மடம் தெரியும். குரலும் கேட்கும்.

"பெரியப்பா" என்றார். முதல் தடவை குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னார். "பெரியப்பா, அன்னைக்கு ஓங்கி அடிக்கச் சொன்னது நான்தான். அவ தட்டத்தான் செஞ்சா. நான்தான் வலிக்க அடின்னேன். கேட்டப்ப சொல்லாம இருந்தேன். குத்தம் இருந்தா என்னுது. எல்லாரும் கேட்டுக்கோங்க."

பின்னாலேயே வந்த பிள்ளைகள் மடத்துப் படியில் ஏறி எட்டிப்பார்த்தார்கள்.

"உங்க ஆத்தாளுக்குத் தெரியுமாப்பா?" என்றார் பெரியவர்.

"அவுக முன்னால சொல்லிட்டுத்தான் வாரேன். வரமாட்டேன்னுட்டாக. சொந்தக்காரப் பொம்பளைக ஒருத்தரையும் வரவிடலை."

"அப்ப நீயா கொண்டாந்தே."

"நானாத்தான்."

பெரியவர் என்ன செய்வது என்று தெரியாமல் தாடையைத் தடவினார். "சரி, வெயில்ல நிக்காத. தேங்காய் உருளுது பாரு. பாத்துப் போ" என்றார்.

எங்கள் வாசலுக்கு வந்தார். தெருவே பின்னால் வந்தது. அப்பா துண்டைத் தேடினார். அம்மா வாசலைப் பெருக்குவதை விட்டுவிட்டு உள்ளே விளக்கேற்றப் போனாள். நான் அப்படியே நின்றேன். மிளகாய்க் கை.

அவர் முகமெல்லாம் வேர்வை. கரி இல்லாத வேர்வை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"பொம்பளை ஒருத்தரும் வரலையா?" என்றேன்.

"வரலை."

"வழியெல்லாம் சிரிச்சாகளா?"

"சிரிச்சாக. இப்பவும் சிரிக்காக."

"கனக்குதா?"

"கனக்குது புள்ள. கேட்டுக்கிட்டே நிக்கியே. பிடி."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்ப் பிடித்தேன். தட்டை வாங்க வேண்டிய அப்பாவும் அம்மாவும் கை நீட்டும் முன், ஊர் பார்க்க, இரண்டு பேருமாகத் தாம்பாளத்தை இறக்கினோம்.